நீலத்திரையும் கறுப்புத்திரையும்

தன்யா மாடிப்படி ஏறி வந்தபோது மணி பன்னிரண்டு பத்து. விஜயம்மா சோற்றில் புளிசேரி ஊற்றிக்கொண்டிருந்தார்.

“டீச்சர், என்னைக் கள்ளி ஆக்கிட்டாவ” என்றாள் தன்யா. அதற்குமேல் பேச்சு வரவில்லை. நாற்காலியில் விழுந்து அழ ஆரம்பித்தாள்.

விஜயம்மா தட்டை மூடிவிட்டுக் கையைக் கழுவினார். பாறசாலை ரயில் நிலையத்துக்கு எதிரே இருந்த அந்த ஒற்றை அறை இருபது வருடம் டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டாக இருந்தது. 1995-ல் ஒரு மொட்டைக் கடிதத்தை அடித்த மெஷின் எது, அடித்த விரல் யாருடையது என்று அவர் கண்டுபிடித்துக் கொடுத்தார். அதிலிருந்து ஊர்க்காரர்கள் வேறு மாதிரி வேலைகளையும் கொண்டுவர ஆரம்பித்தார்கள். மூன்று வருடத்தில் வாசல் பலகையில் ‘தட்டச்சு’ என்ற சொல்லுக்குக் கீழே ‘துப்பறிதல்’ என்று இன்னொரு வரி சேர்ந்தது. தன்யா இதே அறையில் ஹையர் பாஸ் பண்ணியவள்.

“என்ன காணாமப் போச்சு?” என்றார் விஜயம்மா.

“ஒரு லிஸ்டு. நாலு மணிக்குள்ள அது கிட்டலன்னா ஒரு பிள்ளைக்கு ஆபரேஷன் நடக்காது.”

விஜயம்மா ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தார். கீழே ஈசாக் தன் ஆட்டோவின் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தான். ஆட்டோவுக்கு டிரைவர், விஜயம்மாவுக்கு உதவியாளர், ஊருக்கு வாயாடி.

“ஈசாக்கு, வண்டிய எடு. நெய்யாற்றின்கரைக்கு.”

“டீச்சர் சாப்பிட்டாச்சா?”

“இல்ல.”

“அப்ப கேஸு பெருசாக்கும்” என்றான் ஈசாக்.

ஆட்டோ உதியன்குளங்கரையைத் தாண்டுவதற்குள் தன்யா முழுக்கதையையும் சொல்லிவிட்டாள்.

நெய்யாற்றின்கரையில் ‘உதயம்’ என்று ஒரு ரத்ததானக் குழு. அதில் ஆயிரத்து நூற்று நாற்பது பேர் பெயர் கொடுத்திருந்தார்கள். பழைய பதிவேடு போன மழையில் ஊறிக் கூழாகிவிட்டது. அதற்கு முன்பே தன்யா உட்கார்ந்து எல்லாப் பெயர்களையும் கம்ப்யூட்டரில் அடித்து ஏற்றியிருந்ததால் பிழைத்தார்கள். ஒரு ஃப்ளாப்பியில் நகல் வைத்திருந்தார்கள். அதில் பூஞ்சை பிடித்துப்போயிற்று. ஆக, பட்டியல் இருந்தது அந்தக் கம்ப்யூட்டரில் மட்டும்.

“அது யாரோ தானமாத் தந்த பழைய கம்ப்யூட்டர், டீச்சர். விண்டோஸ் போட்டா மூச்சு வாங்கும். அதனால உண்ணி அண்ணன், பத்திரிகையோட சும்மா கிட்டுன சிடியிலிருந்து லினக்ஸ் போட்டாரு. மவுஸ் கிடையாது, படம் கிடையாது. எல்லாம் எழுத்துதான்.”

“நம்ம டைப்ரைட்டர் மாதிரி” என்றார் விஜயம்மா.

“ஆமா. ஒரு ஃபைலைத் தொறக்கணும்னாக்கூட கட்டளை அடிக்கணும். போன் எடுக்கது சிசிலி சேச்சி. அவியளுக்கு இந்தக் கட்டளை ஒண்ணும் வராது. ரத்தம் கேட்டு போன் வந்தா எனக்கோ உண்ணி அண்ணனுக்கோ ஆள் விடணும். அதுக்காகத்தான் ஒரு ஃபைல் மேனேஜர் வைக்கலாம்னு முடிவாச்சு. ஃபைல் எல்லாம் வரிசையாத் தெரியும். தொறக்கலாம், நகல் எடுக்கலாம், இடம் மாத்தலாம், அழிக்கலாம்.”

“செரி. அதுல என்ன சண்டை?”

“எதை வைக்கதுன்னுதான் சண்டை. நான் மிட்நைட் கமாண்டர் வேணும்னு சொன்னேன். நீலத்திரை. ரெண்டு கட்டம் பக்கத்துல பக்கத்துல இருக்கும். உண்ணி அண்ணனுக்கு ஈமாக்ஸ்ங்கற எடிட்டர்தான் உயிரு. அதுக்குள்ள டயர்டுன்னு ஒரு ஃபைல் மேனேஜர் உண்டு. கறுப்புத்திரை. அதுதான் வேணும்னு நிக்காரு.”

“வேலை தொடங்குமுன்னயே டயர்டா?” என்றான் ஈசாக்.

“கமிட்டியில வச்சு எழும்பி நின்னு, ‘அந்த நீலப்பலகைய நான் கையால தொடமாட்டேன்’னு சொன்னாரு. வாற ஞாயித்துக்கிழமை ஓட்டெடுப்பு.”

“எங்க சபைக் கமிட்டி எலெக்ஷனுக்குக்கூட இவ்வளவு கோபம் வந்ததில்ல.”

“ஈசாக்கு, ரோட்டைப் பாரு” என்றார் விஜயம்மா. “இண்ணைக்கு என்ன நடந்தது?”

தன்யா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். “காலத்த காரக்கோணம் ஆஸ்பத்திரியில இருந்து போன். பஸ் இடிச்சு தொடையெலும்பு முறிஞ்ச ஒரு பிள்ளைக்கு பம்பாய் குரூப் ரத்தம் வேணும். அது பாத்தா ஓ குரூப் மாதிரியே இருக்கும். ஆனா ஓ ரத்தம் குடுத்தா சேராது. பத்தாயிரம் பேர்ல ஒருத்தருக்கு இருந்தாலே அதிசயம். எங்க லிஸ்டுல ஒருத்தர் உண்டு டீச்சர். அடிக்கும்போது ஏதோ ஊர்ப் பேருன்னு நெனச்சுச் சிரிச்சேன். ஆள் பேரு மட்டும் நெனவுக்கு வரல்ல. சேச்சி உண்ணி அண்ணனை விளிச்சாவ. அவரு வந்து தேடுனா லிஸ்டு இல்ல. கடைசியா லிஸ்டைத் தொட்டது நானாம். அழிச்சது நானாம்.”

ஈசாக் ரோட்டுக்குத் திரும்பினான். ஆக்ஸிலேட்டரை முறுக்கினான்.

*

குழுவின் அலுவலகம் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு தையல்கடை மாடியில் இருந்தது. ஒரு மேசையில் தொலைபேசி, இன்னொன்றில் கம்ப்யூட்டர். மூலை பெஞ்சில் ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒருவர் எக்ஸ்ரே கவரை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பொழியூர்க் கடற்கரையைச் சேர்ந்த சகாயதாஸ். அடிபட்ட ஜெஸ்மி அவருடைய மகள்.

“நாலு மணிக்கு தியேட்டருக்குக் கொண்டு போவணும்னு டாக்டர் சொன்னாரு” என்றார் அவர். “ரத்தம் வந்தாத்தான் கொண்டு போவாவளாம். மூணரைக்குள்ள ஆள் அங்க வேணும்.”

சுவர்க் கடிகாரத்தில் ஒன்றாக ஐந்து நிமிடம் இருந்தது.

தொலைபேசியருகே சிசிலி. ஐம்பத்தைந்து வயது, பெரிய கண்ணாடி. திருவனந்தபுரத்து ஆஸ்பத்திரிகளுக்கு ஒவ்வொன்றாகப் போன் செய்து, எல்லாரும் கைவிரித்துவிட்டதால் ரிசீவரைப் பார்த்தபடி இருந்தார். கம்ப்யூட்டர் முன்னால் உண்ணி. இருபத்தெட்டு வயதுக்காரன். தனியார் கல்லூரி ஒன்றில் கம்ப்யூட்டர் லேப் அவன் பொறுப்பு.

“டீச்சர், சாட்சி இருக்கு” என்று ஒரு தாளை நீட்டினான். “நாங்க எல்லாரும் ஒரே பேர்லதான் உள்ள நுழைவோம். அடிக்க ஒவ்வொரு கட்டளையும் வரிசையா லினக்ஸ் எழுதி வச்சிடும். இது நேத்தைக்குள்ளது. கடைசி வரிகளப் பாருங்க.”

விஜயம்மா தாளை வாங்கிப் பார்த்தார். கீழே நான்கு வரிகள்:

mc
emacs
mc
shutdown

“எம்.சி.ன்னா மிட்நைட் கமாண்டர். கம்ப்யூட்டர நிறுத்தினதுக்கு முன்ன கடைசியா ஓடுனது தன்யாவோட நீலப்பலகை. அதுல எட்டாம் நம்பர் கீயை அமுக்கினாப் போரும், ஃபைல் போயிடும். இது ஆபத்துன்னு நான் அப்பமே சொன்னேன்.”

“வீட்டுக்குள்ள யாரு போனான்னு இந்தத் தாள் சொல்லுது” என்றார் விஜயம்மா. “உள்ள போயி என்ன செய்தான்னு சொல்லலியே.”

“அதத்தான் தன்யா சொல்லணும்.”

தன்யா பதில் சொல்ல வாயெடுத்தாள். விஜயம்மா அவளைக் கம்ப்யூட்டர் முன்னால் உட்காரச் சொன்னார். “ஒண்ணும் பேசாண்டாம். உன் நீலத்திரையத் தொற.”

நீலத்திரை வந்தது. இடது கட்டத்தில் கோப்புகளின் பெயர்கள். வலது கட்டம் காலியாக இருந்தது. அதன் தலையில் floppy என்று முடியும் ஒரு பாதை மட்டும் தெரிந்தது.

தன்யா நெற்றியைச் சுருக்கினாள். “இது நான் விட்டுட்டுப் போனது மாதிரி இல்ல டீச்சர். ஃபைலை எடுத்து அனுப்பினா அது எதிர்க்கட்டத்துக்குப் போவும். எதிர்க்கட்டம் கடைசியா எங்க நின்னுதோ, அதையும் இது ஞாபகத்துல வச்சுக்கும். நான் எப்பவும் நம்ம பழைய ஃபைல் இருக்க இடத்துலதான் நிறுத்துவேன். இது ஃப்ளாப்பில நிக்கு.”

விஜயம்மா கீபோர்டைப் பார்த்தார். மேல்வரிசையில் F எழுத்தோடு இருக்கும் ஐந்தாம் எண், ஆறாம் எண் விசைகளின் மேல் ஒரு காகிதத் துண்டு ஒட்டியிருந்தது. ‘வேலை செய்யாது.’

“இது என்ன?”

“யாரோ சாயா சிந்திட்டாவ. அஞ்சு நகல் எடுக்கதுக்கு, ஆறு இடம் மாத்தறதுக்கு. ரெண்டும் செத்துப்போச்சு. நகல் எடுக்கணும்னா நான் மெனுவுக்குள்ள போயி, ஒவ்வொண்ணா எறங்கி எடுப்பேன்.”

விஜயம்மா பெருமூச்சு விட்டார். நாற்காலியில் சாய்ந்துகொண்டு, பெஞ்சில் இருந்தவருக்கும் கேட்கும்படி சொன்னார்.

“அப்ப பட்டியலை யாரும் ஃப்ளாப்பிக்கு மாத்தியிருக்க முடியாது. ஆறாம் நம்பர் செத்துப்போச்சு. அது இல்லாம, மெனுவுக்குள்ளயும் போவாம, நீலத்திரையில ஒண்ணையும் நகர்த்த வழியே இல்ல. அழிஞ்சுதான் போயிருக்கணும்.”

“அது தப்பு டீச்சர்” என்றான் உண்ணி. “எஸ்கேப் கீயை ஒருக்கா தட்டிட்டு, கீழ்வரிசையில உள்ள சாதா ஆறைத் தட்டினாப் போரும். அதே வேலை நடக்கும்.”

“அப்படியா?” என்றார் விஜயம்மா. தன்யாவைத் திரும்பிப் பார்த்தார். “உனக்குத் தெரியுமா மக்கா?”

“தெரியாது டீச்சர். தெரிஞ்சிருந்தா நான் எதுக்கு மெனுவுக்குள்ள கெடந்து எறங்குகேன்?”

ஈசாக் மெதுவாக விசிலடித்தான்.

“அண்ணன் கையால தொடாத பலகையில, தெனமும் தொடுகவளுக்கே தெரியாத குறுக்குவழி!” என்றான்.

“புத்தகத்துல படிச்சேன்” என்றான் உண்ணி. அவன் காது சிவந்துவிட்டது.

“இருக்கலாம்” என்றார் விஜயம்மா. “சிசிலி, நேத்து தன்யா எப்ப எறங்கினா?”

“நாலு மணிக்கு.”

“பெறவு யாரு இருந்தா?”

“உண்ணி மட்டும். அஞ்சரை வரைக்கும் கம்ப்யூட்டர் முன்னாலதான் இருந்தான். அவன்தான் நிறுத்திட்டுப் பூட்டினான்.”

விஜயம்மா தாளை உண்ணியின் முன்னால் விரித்து, விரலை ஒவ்வொரு வரியாக இறக்கினார். “முதல் எம்.சி. தன்யாவுக்குள்ளது. நாலு மணிக்குப் போயிட்டா. பெறவு ஈமாக்ஸ். அது நீங்க. அதுக்குப் பெறவும் ஒரு எம்.சி. இருக்கே உண்ணி. அப்ப இந்த ரூம்ல இருந்தது நீங்களும் சிசிலியும். சிசிலிக்குக் கம்ப்யூட்டர் தெரியாது.”

உண்ணி தாளைப் பார்த்தான். அவனே அச்செடுத்து, அவனே சாட்சி என்று கொண்டுவந்த தாள்.

“தெரிஞ்சவனால ஒரு தப்பைக் கேட்டுட்டுச் சும்மா இருக்க முடியாது” என்றார் விஜயம்மா. “இருபது வருஷம் பிள்ளையளோட பழகின எனக்கு அது தெரியும். அதனாலதான் தப்பாச் சொன்னேன்.”

சகாயதாஸ் பெஞ்சிலிருந்து எழுந்துவிட்டார். உண்ணி அவரைப் பார்க்காமல் பேசினான்.

“நான்தான். ஞாயித்துக்கிழமை டயர்டு எப்படின்னு காட்டணும்னு, நம்ம லிஸ்டை காலேஜுக்குக் கொண்டுபோயி ஒரு டெமோ ஒருக்கலாம்னு நெனச்சேன். டயர்டுல நகல் எடுக்க, போற இடத்தோட முழுப்பாதையும் அடிக்கணும். இதுல ரெண்டு கட்டமும் முன்னால கெடக்கு, ஒரு தட்டு. எளுப்பமா இருந்து, டீச்சர். யாரும் பாக்கலன்னு நீலப்பலகையத் தொறந்தேன்.”

“அஞ்சுக்குப் பதிலா ஆறைத் தட்டிட்டீங்க.”

“இருக்கும். அவசரத்துல பாக்கல்ல. நகல் எடுக்கதுக்குப் பதிலா லிஸ்டு மொத்தமா ஃப்ளாப்பிக்குப் போயிருக்கும்.”

“அப்ப ஃப்ளாப்பி எங்க?” என்று தன்யா கத்தினாள். “எடுங்க அண்ணா! அதுல இருக்குமே!”

உண்ணி தலையை ஆட்டினான். “காலத்த சேச்சி விளிச்ச ஒடனே அதத்தான் முதல்ல செருகிப் பாத்தேன். இப்பவும் டிரைவுக்குள்ளதான் கெடக்கு. வலதுகட்டத்தப் பாரு. காலி. ஃப்ளாப்பியில ஒண்ணும் இல்ல. ஹார்டு டிஸ்க் பூராவும் தேடிட்டேன். அங்கயும் இல்ல.”

“அத வச்சா இவதான் அழிச்சான்னு பழியைப் போட்டியா?” என்றார் சிசிலி.

“எனக்கே தெரியல்ல சேச்சி. ஃப்ளாப்பி காலியா இருந்ததும், நான் அனுப்பவே இல்ல, தன்யாதான் நேத்தே அழிச்சிருப்பான்னு நம்பத் தொடங்கிட்டேன். நீலப்பலகையத் தொட்டேன்னு சொல்ல வெக்கமா இருந்து.”

மணி ஒன்று இருபது. கள்ளன் கிடைத்துவிட்டான், பொருள் கிடைக்கவில்லை. சகாயதாஸ் எக்ஸ்ரே கவரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு கம்ப்யூட்டரையே பார்த்துக்கொண்டு நின்றார்.

விஜயம்மா கண்ணை மூடிக்கொண்டார். டைப்ரைட்டிங் வகுப்பில் பத்து மெஷின் ஒன்றாக ஓடும்போது, திரும்பிப் பார்க்காமலே எந்தப் பிள்ளை நிறுத்திவிட்டது என்று அவருக்குத் தெரியும். சத்தம்தான் கணக்கு.

“சிசிலி, இந்த ஃப்ளாப்பி ஓடும்போது சத்தம் கேக்குமா?”

“கேக்குமாவா? மாவு மில்லு மாதிரி கிர்ர்னு கேக்கும். நான் போனைப் பொத்திக்குவேன்.”

“நேத்து சாயங்காலம் பொத்தினியா?”

சிசிலி யோசித்தார். “இல்லியே. அஞ்சு மணிக்கு மேல என் நாத்தூன் போன் செய்தா. அரைமணிக்கூர் பேசினேன். ஒரு சத்தமும் இல்ல. இண்ணைக்கு காலத்த உண்ணி வந்தப்பம்தான் கிர்ர்னு கேட்டுது.”

விஜயம்மா கண்ணைத் திறந்தார். “உண்ணி, நேத்து ஃப்ளாப்பி சுத்தவே இல்ல. ஏன்?”

“நான் செருகினேனே...” உண்ணி நிறுத்தினான். “செருகினா மட்டும் போராது டீச்சர். மவுண்ட்னு ஒரு கட்டளை குடுத்து லினக்ஸோட சேக்கணும். சேத்தாத்தான் அந்த ஃப்ளாப்பிங்கற ஃபோல்டருக்குள்ள அது தெரியும். நேத்து நான் அதக் குடுத்தேனான்னு...”

“குடுக்கல்ல. தாள்ல அந்த வரியே இல்ல. செரி, சேக்காம இருக்கும்போது அந்த ஃபோல்டர் எங்க இருக்கும்?”

“அது சும்மா ஒரு காலி ஃபோல்டர். ஹார்டு டிஸ்க்லதான்...”

உண்ணியின் வாய் திறந்தபடியே நின்றது.

“அப்ப நேத்து அனுப்பின பட்டியல் அந்தக் காலி ஃபோல்டருக்குள்ள போயிருக்கும்” என்றார் விஜயம்மா மெதுவாக. “இண்ணைக்கு காலத்த ஒழுங்கா மவுண்ட் குடுத்தீங்க. ஃப்ளாப்பி வந்து அது மேல உக்காந்துட்டு. பெறவு தேடினா மேல உள்ளதுதான் தெரியும். அடியில உள்ளது எப்படித் தெரியும்?”

“பாய்க்கு அடியில சாவிய வச்சுட்டு, பாய்மேல உக்காந்து ஊரெல்லாம் தேடினாராக்கும்” என்றான் ஈசாக்.

உண்ணி கீபோர்டுக்குப் பாய்ந்தான். ஃப்ளாப்பியைப் பிரித்துவிடும் கட்டளையை அடித்தான். திரையில் ஒரு வரி வந்தது. ‘பிஸி’, முடியாது. மறுபடி அடித்தான். மறுபடி அதே வரி.

“ஏன் விடமாட்டேங்கு?” என்றான்.

“வலதுகட்டம் அந்த ஃபோல்டருக்குள்ளயே நிக்குல்லா அண்ணா” என்றாள் தன்யா. “உள்ள ஆள் நிக்கும்போது எப்படி விடும்? தள்ளுங்க.”

உண்ணி எழுந்து இடம் கொடுத்தான். தன்யா வலது கட்டத்துக்குத் தாவி, ஒரு படி மேலே ஏறி வெளியே வந்தாள். கட்டளையை அடித்தாள். டிரைவ் ஒரு முறை கிர்ர் என்றது. பிறகு அந்த ஃபோல்டருக்குள் மறுபடி நுழைந்தாள்.

காலியாக இருந்த கட்டத்தில் ஒரே ஒரு பெயர் தெரிந்தது. donors.

சகாயதாஸ் சிலுவை போட்டுக்கொண்டார். தன்யா அதைத் திறந்து ‘பம்பாய்’ என்று தேடினாள்.

செல்லசாமி, வயது 41, வாழைக்குலை வியாபாரம், பெருங்கடவிளை. தொலைபேசி, பக்கத்து ஜவுளிக்கடை நம்பர்.

சிசிலி ஏற்கெனவே ரிசீவரை எடுத்துவிட்டார்.

*

ஜவுளிக்கடைக்காரர் ஆள் அனுப்பிப் பார்த்துவிட்டு, செல்லசாமி சந்தையில் குலை இறக்கிக்கொண்டிருப்பதாகச் சொன்னார். ஈசாக்கின் ஆட்டோவில் விஜயம்மாவும் சகாயதாஸும் ஏறினார்கள். கடைசி நிமிடத்தில் உண்ணியும் ஓடிவந்து டிரைவர் சீட்டில் பாதியைப் பிடித்துக்கொண்டான்.

சந்தையில் லாரிக்குப் பின்னால் தோளில் ஏத்தங்குலையோடு நின்ற செல்லசாமியைக் கண்டுபிடிக்கக் கால்மணி நேரம் ஆயிற்று. விஷயத்தைக் கேட்டதும் அவர் குலையைக் கீழே வைத்தார்.

“என் ரத்தத்தையா? கேம்புல வச்சு, ‘உமக்கு ஒண்ணுன்னா ஊர்ல யாரும் தரமுடியாது’ன்னு டாக்டர் பயமுறுத்தினாரு. யாருக்காவது தரமுடியும்னு சொல்லவே இல்ல.” சட்டையை மாட்டிக்கொண்டார். “சாப்பிட்டாச்சு. போவலாம்.”

“டீச்சர் இன்னும் சாப்பிடல்ல” என்றான் ஈசாக். “இந்த வண்டியில ஒருத்தராவது பலமா இருக்கது நல்லது.”

உண்ணிக்கு ஆட்டோவில் இடமில்லை. பின்னாலேயே பஸ்ஸில் வந்தான்.

மூன்று இருபத்தைந்துக்குக் காரக்கோணம் ஆஸ்பத்திரி வாசலில் ஆட்டோ நின்றது. சோதனை முடிந்து, ரத்தம் எடுத்து, ஜெஸ்மியை உள்ளே கொண்டுபோனபோது ஐந்தாகிவிட்டது. ஏழுமணிக்கு டாக்டர் வெளியே வந்து, எலும்பைச் சேர்த்தாயிற்று, பிள்ளை கண் திறந்துவிட்டாள் என்றார். சகாயதாஸ் சுவரைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டார்.

உண்ணி அவருக்கு எதிரே குந்தினான். “என்னை நாலு சாத்தணும்னா சாத்துங்க.”

சகாயதாஸ் அவனைப் பார்த்தார். “காலத்த ஒம்பது மணிக்கே சொல்லியிருந்தா?”

“பத்துமணிக்கு லிஸ்டு கிட்டியிருக்கும்.”

“என் பிள்ள பகல் முழுக்க வலியில கெடந்தா.”

உண்ணி தரையில் கிடந்த எக்ஸ்ரே கவரை எடுத்து அவர் பக்கத்தில் வைத்தான்.

“உன்னை அடிச்சு எனக்கென்ன கிட்டும்?” என்றார் சகாயதாஸ். “எனக்கு முன்னால வச்சு நீ ஒத்துக்கிட்டாச்சு. அந்தப் பிள்ளையக் கள்ளின்னு எத்தனை பேர்ட்ட சொன்னியோ, அத்தனை பேர்ட்டயும் போயி சொல்லு. அவ முன்னால வச்சு சொல்லணும்.”

*

ஞாயிற்றுக்கிழமை கூட்டத்துக்குப் பதினான்கு பேர் வந்திருந்தார்கள். விஜயம்மாவையும் ஈசாக்கையும் சாயாவுக்கு அழைத்திருந்தார்கள்.

உண்ணி எழுந்து நின்றான். எழுதிக்கொண்டு வந்த தாளைப் பிரித்தான். பிறகு அதைப் பார்க்காமலே சொல்லி முடித்தான். நீலப்பலகையைத் திருட்டுத்தனமாகத் தொட்டது, ஆறைத் தட்டியது, மறைத்தது, தன்யாவைக் கள்ளி என்றது. ஒன்றையும் விடவில்லை. “தன்யா, எனக்க தப்பு” என்று முடித்தான்.

தன்யா அவனை நிமிர்ந்து பார்த்தாள். “எனக்கு ரெண்டு நாளா ஒறக்கம் இல்ல அண்ணா” என்றாள். “கோவம் இன்னும் போகல்ல. போகும். முதல்ல அந்த ஃப்ளாப்பிக்கு ஒரு வழி செய்யணும். மவுண்ட் ஆகலன்னா லிஸ்டை அங்க அனுப்பவிடப்படாது.”

“அந்த காலி ஃபோல்டரப் பூட்டி வைக்கலாம். ஃப்ளாப்பியச் சேக்காம யாரும் எழுத முடியாதபடி.”

“நம்ம எல்லாரும் ரூட்டுங்கற ஒரே பேர்லல்லா நுழையுகோம்? எல்லா அதிகாரமும் உள்ள பேராச்சே, அதுக்கு எந்தப் பூட்டும் தடை இல்லியே.”

“அப்ப ஆளுக்கு ஒரு பேரு வேணும்” என்றான் உண்ணி. அவன் குறித்துக்கொண்டான்.

செயலாளர் ஓட்டுச் சீட்டுகளை எடுத்தார். நீலமா, கறுப்பா? அவர் வாய் திறப்பதற்குள் தொலைபேசி அடித்தது.

சிசிலி எடுத்தார். “ஆமா, உதயம்தான். பி நெகட்டிவா? எப்ப வேணும்?” ரிசீவரைத் தோளில் இடுக்கிக்கொண்டார்.

உண்ணியும் தன்யாவும் ஒரே நேரத்தில் எழுந்தார்கள்.

“ரெண்டுபேரும் அங்க இரியுங்க” என்றார் சிசிலி. தொலைபேசி வயரை இழுத்துக்கொண்டு கம்ப்யூட்டர் முன்னால் போய் உட்கார்ந்தார். அன்று தன்யா செய்ததைப் பார்த்து வைத்திருந்தபடி, ஒற்றை விரலால் இரண்டு எழுத்தைத் தேடித் தேடி அடித்தார். எம். சி. நீலத்திரை வந்தது. அம்புக்குறியை அமுக்கி அமுக்கிப் பட்டியலின் பெயருக்கு இறங்கினார். மேல்வரிசையில் மூன்றாம் எண் விசை. பட்டியல் திறந்தது. தேடுவதற்கு ஏழாம் எண் விசை, ஒரு பி, ஒரு கழித்தல் குறி.

அறையில் மற்ற பதினைந்து பேரும் மூச்சுவிடாமல் அந்த ஒற்றை விரலைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். உண்ணி நாற்காலியின் விளிம்புக்கு வந்துவிட்டான்.

“கிட்டிட்டு” என்றார் சிசிலி போனில். “எழுதுங்க. ரெஜி, அமரவிளை. நம்பர் சொல்லுகேன்.”

சொல்லி முடித்து ரிசீவரை வைத்தார். கண்ணாடியைக் கழற்றிச் சேலைத் தலைப்பில் துடைத்துக்கொண்டு திரும்பினார். எல்லோரும் தன்னையே பார்ப்பதைக் கண்டு அவருக்குக் கூச்சமாகிவிட்டது.

“எந்தா? ஓட்டுப் போடலியா?”

செயலாளர் கையிலிருந்த சீட்டுகளைப் பார்த்தார். பிறகு உண்ணியைப் பார்த்தார்.

உண்ணி சிரித்துக்கொண்டே நாற்காலியை இழுத்து சிசிலிக்குப் பக்கத்தில் போட்டான். “சேச்சி, ஏழைத் தட்டினீங்கல்லா, அதுக்குப் பெறவு அடுத்த பேருக்கு எப்படிப் போறதுன்னு நான் காட்டித்தாறேன்” என்றான்.